கியர்பாக்ஸை இறக்க மாட்டேன்

கோபார் என்ற சுரங்க ஊரில் யாராவது வண்டியின் பானட்டைத் திறந்தால் போதும், பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நாலு ஆண்கள் வந்து நின்றுவிடுவார்கள். ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். கருத்து மட்டும் சொல்வார்கள். புதன்கிழமை காலை ரேலீன் பாஸ்கோவின் ஷெட் வாசலிலும் நாலு பேர் நின்றார்கள். நாலு பேருக்கும் ஒரே கருத்துதான்.

"கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டா."

அவளுடைய பழைய டீசல் யூட்டுக்கு, பின்னால் திறந்த தட்டு வைத்த அந்த வண்டிக்கு, ஞாயிற்றுக்கிழமை புது கிளட்ச் போட்டவள் ரேலீனேதான். தனியாக கியர்பாக்ஸை இறக்கி, தனியாக ஏற்றினாள். ஆனால் பெடலை மிதித்தாலும் கிளட்ச் எஞ்சினை விட்டு முழுசாக விலகவில்லை. எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்தி ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிப்பது போல் நறநறவென்று கத்தியது. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு பெடலை மிதித்துக்கொண்டிருந்தாலும் வண்டி தானாக முன்னால் நகர்ந்தது. எஞ்சினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் சமர்த்தாக விழுந்தன.

வேறு நேரமாக இருந்தால் பொறுமையாகப் பார்த்திருப்பாள். ஆனால் வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், வடக்கேயுள்ள ஆட்டுப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டு போவது அவள் வேலை. முந்நூறு கிலோமீட்டர் செம்மண் ரோடு. கணவன் டெஸ் இறந்ததிலிருந்து பதினோரு வருஷமாக ஒரு நடை தவறியதில்லை. இந்தச் செவ்வாய் தவறிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு நடை தவறினால் வேலை மாற்று ஆளுக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். மாற்று ஆள், டெஸ்ஸின் அண்ணன் வின்ஸ். செவ்வாய்க்கிழமை தபாலை அவன்தான் தன் வேனில் கொண்டு போனான்.

வின்ஸ் சுரங்கத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாலு பேரில் அவனும் ஒருவன்; மற்ற மூவருக்கும் தலைவன் மாதிரி முன்னால் நின்றான்.

"இங்க பாரு கண்ணு, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கியர்பாக்ஸை இறக்கு. பிளேட் திரும்பியிருக்கும். ரெண்டு நாள்ல நானே சரி பண்ணித் தரேன்."

"கண்ணு மூக்குன்னு கூப்பிடாத. ரெண்டு நாள் ஆனா நாளைக்குத் தபாலை யார் எடுக்கிறது?"

"நான் எடுக்கிறேன். அதுக்குத்தானே இருக்கேன்?"

"அதான் இறக்க மாட்டேங்கிறேன்."

நாலு பேரில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். ரேலீன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

உள்ளுக்குள் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பிளேட்டில் எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும். அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மாட்டினாள். அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் மூன்று நாளாகப் பார்க்கிறவனெல்லாம் திருப்பிப் போட்டாய், திருப்பிப் போட்டாய் என்று சொன்னதில், படித்தது இந்தப் பிளேட்டா, பத்து வருஷத்துக்கு முன் போட்ட பிளேட்டா என்று அவளுக்கே குழம்ப ஆரம்பித்துவிட்டது. தன் கண்ணால் பார்த்ததைத் தானே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது.

"நீங்க மூணு பேரும் கிளம்புங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க. வின்ஸ், நீ மட்டும் இரு. பெடலை மிதிக்க ஒரு கால் வேணும்."

"மூளை வேண்டாமா?"

"கால் போதும்."

இரும்பு ஸ்கேலையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். பெடலை மிதித்தால், கிளட்ச் ஆயில் குழாய் வழியாக வந்து கீழே ஒரு சிறிய சிலிண்டரைத் தள்ளும். அதிலிருந்து ஒரு தண்டு வெளியே வந்து கிளட்சை விடுவிக்கும். தண்டு பன்னிரண்டு மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

"மிதி!"

வின்ஸ் மிதித்தான். ஒன்பது.

"இன்னும் மிதி!"

"இதுக்கு மேல எங்க மிதிக்க? தரை வரைக்கும் மிதிச்சாச்சு!"

மறுபடி ஒன்பது. இன்னொரு தடவை. ஒன்பதேதான். ரேலீன் அப்படியே செம்மண்ணில் படுத்துக்கொண்டு யோசித்தாள். ஈ மூக்கில் உட்கார்ந்ததைக்கூட விரட்டவில்லை. பிளேட் திரும்பியிருந்தால் தண்டு பன்னிரண்டும் நகர்ந்துவிட்டு, அப்புறமும் கிளட்ச் விடாமல் இருக்க வேண்டும். இங்கே தண்டே முழுசாக நகரவில்லை. அப்படியானால் கோளாறு கியர்பாக்ஸுக்குள் இல்லை. அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது.

வெளியே வந்து சொன்னாள். வின்ஸ் உதட்டைப் பிதுக்கினான்.

"ஆயில்ல காத்து இருக்கும்."

"ரெண்டு தடவை காத்து எடுத்தாச்சு. ஒரு குமிழிகூட வரல. பெடலும் கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப பிளேட்தான்."

"ஸ்கேல் சொல்றதைக் கேளேன் வின்ஸ்!"

"நான் முப்பது வருஷமா கேட்டவன்." அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். "நாளைக்கு ஏழு மணிக்கு வேனோட தபாலாபீஸ்ல நிக்கிறேன். கோவிச்சுக்காத."

அவன் போன பிறகு ரேலீன் ஒரு கோப்பை டீ போட்டு, ஆறவிட்டுவிட்டு, குடிக்காமலே எழுந்தாள். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒழுகல் எங்கும் இல்லை. பெடலோடு இருக்கும் பின் தேயவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் பெடலை அழுத்தினாள். வலது கை விரல் முட்டிகள் ரப்பரில் இடித்தன.

ரப்பர்!

அந்த ஊரில் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் துண்டு இல்லாத வீடு கிடையாது. தாது ஏற்றிப் போகும் பெல்ட் தேய்ந்து கழித்துவிட்டால் ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாசல்படியில் அதுதான், யூட்டின் பின்தட்டில் அதுதான், நாய் படுப்பதும் அதில்தான். யாரும் அதைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலை முடிந்து அவள் கை கழுவப் போயிருந்தபோது வின்ஸ் ஒரு துண்டைக் கொண்டு வந்து, பழைய நைந்த விரிப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, டிரைவர் காலடியில் அளவெடுத்து வெட்டி, நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கியிருந்தான். புது கிளட்சுக்குப் பரிசாம். அவளும் சந்தோஷப்பட்டு அவனுக்கு பியர் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் முதல் தடவையாக எஞ்சினைப் போட்டாள்.

இரண்டு விரல் தடிமன். பெடல் தரைக்குப் போகவே இல்லை.

நாலு ஸ்க்ரூவையும் மளமளவென்று கழற்றினாள். கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. பெல்ட்டை இழுத்து வெளியே எறிந்தாள். எஞ்சினைப் போட்டு, பெடலை மிதித்து, ரிவர்ஸில் தள்ளினாள். சத்தமே இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, "நான் சரியாத்தான்டா போட்டேன்!" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

வியாழக்கிழமை ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தபாலாபீஸ் பின்பக்கம் வின்ஸ் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வேடிக்கை பார்க்க அந்த மூன்று பேரும் வந்திருந்தார்கள். தபாலாபீஸை நடத்தும் க்ளெனிஸ் தபால் மூட்டைகளை வாசலில் அடுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ரேலீனின் யூட் தெருமுனையில் திரும்பி, நின்று, ரிவர்ஸில் மெல்ல வந்து மூட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஒரு நறநறப்பும் இல்லை.

"பிளேட்டைத் திருப்பிட்டியா?" என்றான் வின்ஸ்.

"பிளேட் போட்டது போட்டபடியே இருக்கு."

இறங்கி வந்து, பெல்ட் துண்டை அவன் காலடியில் தொப்பென்று போட்டாள். மூன்று பேரில் ஒருவன் குனிந்து அதன் தடிமனை விரலால் அளந்தான். பெடலின் கீழ் விளிம்பு இடித்த தடம் அதில் பளிச்சென்று தெரிந்தது. அவன் வின்ஸைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். வின்ஸின் கழுத்து சிவந்தது.

"நல்லதுக்குத்தானே போட்டேன் ரேலீன்."

"நல்லதுக்குத்தான் போட்ட. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா மூணு நாளா என் கையைச் சந்தேகப்பட்டியே, ஒரு தடவையாவது உன் கையைச் சந்தேகப்பட்டியா?"

க்ளெனிஸ் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழுக்கு எட்டு நிமிஷம் இருக்கு. ரேலீன் பாஸ்கோ, வந்தாச்சு," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே புத்தகத்தில் குறித்தாள். ரேலீன் முதல் மூட்டையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வின்ஸ் தன் வேன் கதவைச் சாத்தினான். பிறகு வந்து இரண்டாவது மூட்டையை எடுத்து யூட்டில் வைத்தான். மூன்றாவதையும் வைத்தான்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலருகே வந்து, வெறும் தகரமாகக் கிடந்த தரையை எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு நாப்பத்திமூணு டிகிரியாம். கால் வெந்துடும்மா."

"வேகட்டும்," என்றாள் ரேலீன். பெடலைத் தகரத்தில் டங்கென்று முட்டும்வரை மிதித்து, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டாள்.