பெரியவர் எடுக்காத ஸ்பூன்

“வர்றேன். ஆனா ஸ்பூனத் தொடமாட்டேன்,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் சொரிமின் அப்பா. சொன்னதைச் செய்கிற மனிதர். அதுதான் வம்பு.

கொரியாவின் ஜொன்ஜு ஊரில் கல்யாணம் பேச இரு வீட்டாரும் கூடுவது இந்தச் சாப்பாட்டுக் கடையின் அறைகளில்தான். மேசை கொள்ளாமல் கிண்ணங்கள். கிம்ச்சி ஊறுகாயே நாலு விதம், வெங்காயத்தாள் அடை, மாட்டு விலா சூப், சட்டியில் பொங்கி நின்ற முட்டை அவியல். பெரியவர் ஸ்பூனை எடுக்காமல் யாரும் கை வைக்க முடியாது. தானே பெரியவர் என்று முடிவுகட்டிவிட்ட அப்பாவோ, கைகளை மடியில் கோத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே மாப்பிள்ளைப் பையன் இன்ஹோ வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். தையல் கடை வைத்துப் பிழைக்கும் அவன் அம்மா அமைதியாக இருந்தார். கல்யாணம் ஆனால் சொரிம் தொலைவில் இருக்கும் பூசான் நகருக்குப் போய்விடுவாள். மனைவியை இழந்த அப்பா தனியாகிவிடுவார். அதைச் சொல்ல வாய் வராமல்தான் பையனிடம் ஆயிரம் குறை கண்டுபிடித்திருந்தார். சொரிமுக்கு அது தெரியும். தெரிந்ததால் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

முட்டை அவியல் அமுங்கிவிட்டது. சூப்பில் கொழுப்பு உறையத் தொடங்கியது. சுட்ட மீனோடு வந்த கடைக்கார அம்மா மேசையைப் பார்த்து அப்படியே நின்றார்.

“என்ன, எல்லாரும் விரதமா? இங்க யாரு மூத்தவங்க?”

“நான் முயல் வருஷத்துல பொறந்தவன்,” என்றார் அப்பா, முறைப்பாக.

“நான் புலி,” என்றார் இன்ஹோவின் அம்மா.

அங்கே பிறந்த வருஷங்களுக்கு விலங்குப் பெயர்கள்; புலிக்கு அடுத்துதான் முயல். ஒரு வயது மூத்தவர் அந்த அம்மாதான். தன் வீறாப்பெல்லாம் வீண் என்பது உறைத்ததும் அப்பாவின் காது சிவந்துபோனது.

“அப்ப நீங்க எடுத்திருக்கலாமே. நீங்கதான் மூத்தவங்கன்னு தெரியாதா உங்களுக்கு?” என்றார்.

“தெரியும். உங்க வயசப் பையன் சொல்லியிருக்கான். நான் எடுத்தா நீங்களும் முறைக்காக எடுத்திருப்பீங்க.” இன்ஹோவின் அம்மா ஆறிப்போன தன் கிண்ணத்தைப் பார்த்தார். “இவன் அப்பா போனதுலேர்ந்து நான் தனியாத்தாங்க சாப்பிடுறேன். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல. இன்னைக்குக் காத்திருக்க ஆள் இருக்கேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு.”

அப்பா சொரிமைப் பார்த்தார். பிறகு இன்ஹோவின் அம்மாவுடைய சூப் கிண்ணத்தைத் தூக்கிக் கடைக்கார அம்மாவிடம் நீட்டினார்.

“இதச் சூடு பண்ணிக் கொண்டாங்க. ஆறிப்போனத எப்படிக் குடிப்பாங்க?”

சூப் ஆவி பறக்கத் திரும்பி வந்தது. அப்பா தலையைச் சற்றுத் தாழ்த்தினார்.

“நீங்க எடுங்க, சம்பந்தியம்மா. எனக்குப் பசிக்குது.”