ஐயா என்ற சொல்

1999 மார்ச் 13, சனிக்கிழமை காலை, ஒஸ்வால்ட் தன் ஒன்பது வயது மகள் ஜெனிற்றாவுடன் கொட்டாஞ்சேனையில் இருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே புறப்பட்டார்.

யாழ்ப்பாணத்தில் அவளை விட்டு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்து வந்தவர். பிறகு போரில் பாதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. போன வருடம் மனைவி காய்ச்சலில் இறந்த செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இப்போது மனைவியின் அக்கா கொன்ஸ்ரன்ஸ், கப்பலிலும் பஸ்ஸிலுமாகப் பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார்.

“பிள்ளை உம்மோடை ஒட்டினா விட்டிட்டுப் போறன்” என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். “ஒட்டாட்டி புதன்கிழமை என்னோடை திரும்பி வருவாள். அழ அழ விட்டிட்டுப் போகமாட்டன்.”

ஜெனிற்றா அழவில்லை. ஆனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. தாகமென்றால் “தண்ணி” என்பாள். யாரிடம் கேட்கிறாள் என்பது அதில் இராது.

வழியில் ஒஸ்வால்ட் நிறையக் கதைத்தார். லூசியா தேவாலயத்தின் குவிமாடத்தைக் காட்டினார். செட்டியார் தெரு நகைக்கடைகளைக் காட்டினார். புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலின் முன் அவள் தானாகவே நின்றாள்.

“கேக் மாதிரி இருக்கு.”

அவர் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். “கடற்கரையில நிண்டா கப்பலும் தெரியும் பிள்ளை. நீங்கள் வந்த கப்பலைவிடப் பெரிசு.”

“நான் வந்த கப்பல் ஆடி ஆடி எல்லாரும் சத்தி எடுத்தவை” என்றாள் ஜெனிற்றா.

கோட்டைப் பக்கம் திரும்பும் இடத்தில் சோதனைச்சாவடி. பொலிஸ்காரர் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிறுமி யார் என்று சிங்களத்தில் கேட்டார். “மகே துவ” என்றார் ஒஸ்வால்ட். என் மகள். பக்கத்தில் நின்ற பெண் பொலிஸ் குனிந்து, ஒஸ்வால்ட்டைச் சுட்டிக்காட்டி, ஜெனிற்றாவிடமும் கேட்டாள். மொழி விளங்காவிட்டாலும் விரல் விளங்கியது.

“ஐயா” என்றாள் ஜெனிற்றா.

அவருடைய படத்தைக் காட்டி, தகப்பனைக் கூப்பிட அம்மா சொல்லிக்கொடுத்த சொல். அவள் வாயில் அதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பொலிஸ்காரரின் முகம் மாறியதைக் கவனிக்கவில்லை. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்.

இவன் மகள் என்கிறான், அவள் அண்ணன் என்கிறாள். பிள்ளையின் பத்திரங்கள் கொன்ஸ்ரன்ஸிடம், வீட்டில். இருவரையும் உள்ளே கூட்டிப்போய்த் தனித்தனியே இருத்தினார்கள். ஒஸ்வால்ட் தன் சிங்களத்தில் விளக்கினார். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. மெல்லிய பலகைத் தடுப்புக்கு அப்பால், தனக்குத் தெரிந்த தமிழில் பெண் பொலிஸ் கேட்பது அவருக்குக் கேட்டது.

“அப்பாவா? அய்யாவா?”

“அப்பா இல்லை” என்று மகளின் குரல் தெளிவாகச் சொன்னது. “ஐயா.”

மத்தியானம் கடந்து, வேலைமுறை மாறி வந்த மக்கீன் என்ற முஸ்லிம் கொன்ஸ்டபிளுக்கு விஷயம் புரிந்தது. யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் தகப்பனை இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சார்ஜனிடம் சொல்லி, அட்டையை வாங்கிக்கொண்டு வந்தார்.

“எங்கட புள்ளைகள் வாப்பாண்டு செல்ற. ஒரு கரச்சலும் இல்ல” என்றார் சிரித்தபடி. “ரோட்டில அப்பாண்டு கூப்பிடச் செல்லுங்க. அது இவங்களுக்கும் வெளங்கும். அடுத்த முறை நான் இங்க இரிக்கமாட்டேன்.”

காலிமுகத்திடலில் காற்று பலமாக இருந்தது. இறால் வடை வாங்கிக் கொடுத்தார். தூரத்தில் இரண்டு கப்பல்கள் நின்றன. ஜெனிற்றா வடையைக் கடித்தபடி பார்த்தாள்.

“பிள்ளை, வெளியில என்னை அப்பா எண்டு கூப்பிடுறியளே?”

“அம்மா ஐயா எண்டுதான் சொல்லித் தந்தவ.”

“ஓம். அது சரிதான். ரோட்டில மட்டும்.”

“ஐயா எண்டு சொன்னா பிடிப்பினமோ?”

இல்லை என்றால் பொய். ஓம் என்றால், இங்கே இருக்கச் சொல்லி அவளை எப்படிக் கேட்பது?

“சில நேரம்” என்றார்.

அவள் தலையாட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். யாராவது ஏறும்போதெல்லாம் அவள் வாயை இறுக்கிக்கொள்வதை அவர் கண்டார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் அவள் அவரை அப்பா என்றும் கூப்பிடவில்லை, ஐயா என்றும் கூப்பிடவில்லை. ஞாயிறு பூசைக்குப் போனபோதும், திங்களிரவு அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் அப்படித்தான்.

செவ்வாய் பின்னேரம் கொன்ஸ்ரன்ஸ் கேட்டார்: “நிக்கிறியோ, வாறியோ?”

“வாறன் பெரியம்மா.”

ஒஸ்வால்ட் மறிக்கவில்லை. புதன்கிழமை காலை கொன்ஸ்ரன்ஸும் ஜெனிற்றாவும் யாழ்ப்பாணக் கப்பலைப் பிடிக்கத் திருகோணமலை பஸ்ஸில் ஏறினார்கள். அவர் அங்கிருந்து வேலைக்குப் போனார்.