துரை சாப்பிட்டானா?

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மாட்டிக்கொள்ளும் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போட்ட சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், முயல் தொட்டியின் முன்னால் மண்டியிட்டுப் புழுக்கை தேடிக்கொண்டிருந்தேன். காய்ந்த புல்லை விலக்கினேன். அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி உதறினேன். ஒன்றுகூட இல்லை. முந்தைய நாள் மாலையில் இருந்தவையும் சரியாக இல்லை. உருண்டையாக, உலர்ந்து, கையில் எடுத்தால் உதிர வேண்டியவை பிசுபிசுவென்று காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தன. பதினெட்டு மாடிக் கட்டடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை செய்கிற மனிதன் நான். காலையில் நல்ல புழுக்கை நாலு கண்ணில் பட்டால்தான் அன்றைய பொழுது ஓடும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

"அங்கயேதான்டா உக்காந்திருக்கான்," என்றாள் அக்கா, கட்டிலிலிருந்து. "கீரை வெச்சேன். மோந்துகூடப் பாக்கல."

துரை மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தான். கிட்டே போனால் பல்லை நறநறவென்று கடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. அது வலியில் கடிப்பது என்று இவனைத் தந்தவர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பயந்துபோனேன். முயலுக்காக மட்டும் இல்லை.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கைவிடப்பட்ட பிராணிகளை வைத்திருக்கும் ஓர் இல்லத்தில் லிஃப்ட் நின்றுபோய், பழுது பார்க்கப் போயிருந்தேன். இரண்டு வீட்டுக்குப் போய், வயரைக் கடிக்கிறது, சோபாவைக் கடிக்கிறது என்று இரண்டு முறையும் திரும்பி வந்த முயல் அங்கே ஒரு கூண்டில், தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தது. அந்தத் தோரணைக்காகத்தான் துரை என்று பெயர் வைத்தேன். வீட்டுக்கு ஓர் உயிர் வந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் மாறுதலாக இருக்குமே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கூடையை என் கையில் தரும்போது விரல் நீட்டி எச்சரித்தாள். "உள்ள போறதையும் வெளிய வர்றதையும் தினமும் பாருங்க. வேற எதுவும் வேணாம். அரை நாள் சாப்பிடலன்னா, நாளைக்குப் பாக்கலாம்னு இருந்துடாதீங்க. தூக்கிட்டு ஓடுங்க." நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம், இவனுக்குக் காய்ந்த புல்லும் கீரையும்தான் சாப்பாடு என்று மட்டும் சொன்னேன். மற்றதையெல்லாம் சொல்லி அவள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனம் அது.

அக்கா சாப்பாட்டை நிறுத்தியது அதற்கு நான்கைந்து மாதம் முன்பு. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஒரு காப்பகத்தில் அவள் ஆயாவாக இருந்தாள். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். கதை சொல்வாள், குரங்கு மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வாள், தானும் ஒரு வாய் போட்டுக்கொள்வாள், எப்படியோ தட்டைக் காலி செய்துவிடுவாள். ஒரு மத்தியானம், நடை பழகி முடித்த ஒரு பெண் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே எதற்கோ சிரித்தது. அவ்வளவுதான். சோறு மூச்சுக்குழலில் போய் அடைத்தது. அக்கா செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள், ஆம்புலன்ஸும் உடனே வந்தது, ஆனாலும் குழந்தை பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். குழந்தையின் தாயே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று அழுதாள். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாளோ என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வாயில் வைத்தது தொண்டையில் இறங்கவில்லை. மென்றுகொண்டே இருப்பாள், பிறகு துப்பிவிடுவாள். பாலும் கஞ்சித் தண்ணீரும்தான் கொஞ்சம் போகும். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, மனசுதான் என்றார்கள் மருத்துவமனையில். வருகிற வாரம் எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். இன்னும் இறங்கியிருந்தால் படுக்க வைத்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட அன்று அக்கா என்னிடம், "அதுக்கு என்னை விட்ருடா," என்றாள். எதை விடச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொண்டேன்.

துரை வந்ததும் எல்லாம் மாறியது. "நீ எதுக்க உக்காந்து என் தொண்டையையே பாத்தா எப்படிடா இறங்கும்? தட்ட வெச்சுட்டுப் போ. நானும் துரையும் சேந்து சாப்பிட்டுக்கறோம்," என்றாள். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். திரும்பப் போனால் தட்டு காலி. அன்று கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு தினமும் காலி. எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் இருந்தாலும் மத்தியானம் போன் செய்து, "துரை சாப்பிட்டானா?" என்று கேட்பேன். அவளை நேராகக் கேட்டால் கோபம் வரும். "ம், சாப்பிட்டோம்," என்பாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். போன வாரம் கைக்கடிகாரம் கழன்று விழுகிறது, பட்டையில் இன்னொரு ஓட்டை போடு என்றாள். நான் விசிலடித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன்.

அதனால்தான் அந்தக் காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவன் சாப்பாட்டை விட்டால் அவளும் விட்டுவிடுவாள். கருவிப் பையிலிருந்த ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு, துண்டை விரித்து அதற்குள் துரையை வைத்தேன். ஒரு துணிக்கடையில் லிஃப்ட் ஓடவில்லை என்று சூப்பர்வைசர் போன் மேல் போன் செய்துகொண்டிருந்தார். படி ஏறினால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். அந்த வேலை இன்னும் என்னிடம் இருப்பது அவருடைய பெருந்தன்மை.

கால்நடை டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. துரையின் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். அடைப்பு ஒன்றும் இல்லை, ஆனால் குடல் அசைவே நின்றுபோயிருக்கிறது என்றாள்.

"சோறு, ரொட்டி, பிஸ்கட் ஏதாவது குடுக்கறீங்களா?"

"சேச்சே! புல்லும் கீரையும்தான். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

அவள் ஈரப் பஞ்சால் வாலுக்கு அடியில் துடைத்து என்னிடம் காட்டினாள். "புல்லு தின்ன முயலுக்கு இப்படி வராதுங்க. மாவுப் பண்டமா உள்ள போயிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாரக்கணக்கா. இவங்க குடல் அதுக்கானது இல்ல. உள்ளயே புளிச்சுப் போய், இப்ப நின்னுடுச்சு. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"அக்கா மட்டும்தான்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

காலியாக இருந்த தட்டுகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஒரு பருக்கைகூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாக ஒரு மனுஷி எப்படிச் சாப்பிடுவாள் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லையே. நான் வீட்டில் ஓர் ஆளைப் பட்டினி போட்டு ஒரு முயலை ஊட்டிக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன், அதுவும் சந்தோஷமாக. டாக்டரம்மா வலிக்கு ஒன்றும் குடல் அசைய ஒன்றுமாக ஊசி போட்டாள். புல்லை அரைத்த பச்சைப் பொடி ஒரு பொட்டலமும், ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தாள். "தண்ணில குழைச்சு, முன்பல்லுக்குப் பின்னால பக்கவாட்டுல விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. அவன் மென்னு முழுங்கினப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டா மூச்சுக்குழல்ல போயிடும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வயித்துக்குள்ள ஏதாவது போயாகணும்." மூச்சுக்குழல் என்றதும் நான் அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்காவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே வந்தேன். அவள் கூடத்தில் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். தோள் எலும்பில் மாட்டிவைத்தது போல ரவிக்கை தொங்கியது. இது எப்போதிலிருந்து இப்படி?

"எல்லாத்தையும் இவனுக்குப் போட்டியா?"

அவள் மறைக்கவில்லை. "நான் ஊட்டலடா. தட்டத் தரையில வெச்சேன், அவனா வந்து வாய் வெச்சான். சோறு போடக் கூடாதுன்னு நீ சொல்லவேயில்லையே." பிறகு, "எவ்ளோ ஆசையாத் தின்னான் தெரியுமா. யாராவது நல்லாச் சாப்பிடறதப் பாத்து எவ்ளோ நாளாச்சு," என்றாள்.

நான் பையைத் திறந்தேன். துண்டுக்குள் துரை அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இவனையும் கொன்னுட்டேனா?"

"இல்லக்கா, உயிரோடத்தான் இருக்கான். ஊட்டணும், அவ்ளோதான்," என்று சிரிஞ்சை அவள் பக்கம் நீட்டினேன். தீக்கங்கை நீட்டியது போலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "என்கிட்டக் குடுக்காத. நான் யார் வாய்லயும் எதுவும் வெக்க மாட்டேன்."

சரி என்று நானே ஆரம்பித்தேன். கிண்ணத்தில் பொடியைக் குழைத்து, துரையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, சிரிஞ்சை வாயோரத்தில் வைத்தேன். என் விரல்கள் நட்டு முறுக்கிப் பழகியவை. கொஞ்சம் என்று நினைத்து அழுத்தினால் பாதி போய்விட்டது. துரை தலையை உதறினான். மூக்கில் பச்சையாக வந்தது. தும்மினான், பின்னங்கால்களால் உதைத்தான், பிறகு தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "வேணாம்டா, நிறுத்துடா," என்று கத்தினாள். நான் சிரிஞ்சைத் தூக்கி எறிந்தேன்.

"நிறுத்திட்டேன். போதுமா? இப்ப இவன் பசியில சாவான். நீயும் சாவ. நான் ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டுட்டு லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போறேன்."

என்ன பேசினேன் என்பது பேசிய பிறகுதான் காதில் விழுந்தது. துரையின் மூச்சு மெதுவாகச் சீரானது. நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழவெல்லாம் தோன்றவில்லை, அவள் எதிரிலேயே அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மடி லேசானது. நிமிர்ந்து பார்த்தால் துரை அக்காவிடம் இருந்தான். துண்டை உதறி, நாலு காலும் உள்ளே அடங்கும்படி இரண்டே மடிப்பில் சுற்றிவிட்டாள். மூக்கைத் தன் முந்தானையால் ஒற்றித் துடைத்தாள். அவனை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள். சிரிஞ்சை அவள் தேடவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலில் கொஞ்சம் தொட்டு அவன் உதட்டோரத்தில் தடவினாள். அவன் வாயை இறுக்கிக்கொண்டான்.

"வேணாமா? ஒண்ணும் ஆகாதுடா. மெதுவா. நான் பாத்துக்கறேன். யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க."

மறுபடி தடவினாள். மறுபடி இறுக்கிக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பொழுது சாயப்போகிறது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"இங்க பாரு. நான் சாப்பிடறேன், பாரு," என்றாள். விரலில் இருந்த பச்சை விழுதைத் தன் வாயில் வைத்தாள்.

துரைக்குத் தெரிய வேண்டும் என்று தலையைக் குனிந்து, பெரிதாக மென்று காட்டினாள். மென்றுகொண்டே இருந்தாள். அந்த மெல்லல் எனக்குத் தெரியும். அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். துப்புவதற்கு ஏதாவது எடுத்து வரலாமா என்று நினைத்தேன், எழுந்திருக்கப் பயமாக இருந்தது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கழுத்து நரம்புகள் புடைத்தன. தொண்டை மேலே ஏறி, அங்கேயே நின்று, இறங்கியது.

அவள் வாயைத் திறந்து நாக்கை நீட்டித் துரையிடம் காட்டினாள். நாக்கு பச்சையாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"உப்பே இல்லடா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

துரையின் மூக்கு ஒருமுறை துடித்தது போலிருந்தது. அக்காவின் விரல் மறுபடி கிண்ணத்துக்குள் போனது.