பலாவுக்குத் தைத்த பைகள்

துணியைத் தொட்ட மாத்திரத்தில் நல்ல பக்கம் எது என்று சொல்லிவிடுவாள் தையல்காரி. பலாப் பிஞ்சு விஷயத்தில்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆனது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை அறையில் அவள் மெஷின். மேலே பலா கிளை விரித்திருப்பதால் உட்கார முடிகிறது. மரம் போனால் அந்த அறை அடுப்புதான். ஆனால் கொழுந்தனோ அங்கே கார் ஷெட் போட ஒற்றைக்காலில் நின்றான். தகரம்கூட வாங்கி வந்து மரத்தடியில் சாய்த்தாயிற்று.

"இந்த வருஷமும் காய்க்கலைன்னா வெட்டிடுவேன் அண்ணி. அப்புறம் அழக்கூடாது."

"சரி தம்பி. காய்ச்சா உன் கார் தெருவுலதான்" என்று இவளும் வாயைக் கொடுத்துவிட்டாள்.

பிஞ்சு நிறைய வந்தது. ஒன்றில் ஓட்டை, ஓட்டை வாயில் ஈர மரத்தூள் மாதிரி கழிவு. பதறிப்போனாள்.

"துளைப்பான் புழும்மா. ஓட்டை விழுந்ததை வெட்டிப் புதைங்க, நல்லதுக்குப் பை போட்டு மூடுங்க" என்றார் உரக்கடைக்காரர்.

"எல்லாம் எறும்பு வேலைடி" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "ஐயோ அண்ணி, எறும்பைத் தொடாதீங்க, அதுதான் புழுவைத் தின்னும்" என்று போனில் கத்தினாள் நாத்தனார். ஆளுக்கொரு வைத்தியம்! யாரை நம்புவது?

கடைக்காரரை நம்பினாள். ஆனால் எது நல்லது? கிளை நுனிகளில் சில, வழவழவென்று லட்சணமாக இருந்தன. அடிமரத்தில் சில, சொரசொரவென்று தடித்து, காம்பில் வளையத்தோடு ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. ஓட்டை விழுந்தது அந்தக் கூட்டத்தில்தான். ஒன்றுக்கு வந்தது மற்றதுக்கு வராதா? கூட்டத்தையே வெட்டிப் புதைத்தாள். வழவழப்புகளுக்கு லைனிங் துணியில் நாடா வைத்துப் பை தைத்து மாட்டினாள்.

கொஞ்ச நாளில் பைகள் தொங்கிப்போயின. பிரித்தால் உள்ளே எல்லாம் கறுத்துக் கிடந்தன. புழுவும் இல்லை, ஓட்டையும் இல்லை. பிறகு எப்படிச் செத்தன? ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"இது ஆண் பூம்மா! மகரந்தம் கொட்டினதும் கறுத்து விழுந்துடும், அதோட ஆயுசே அவ்வளவுதான். சொரசொரன்னு, காம்புல வளையம் இருக்கறதுதான் காய்."

"அடப்பாவமே, அதையெல்லாம் புதைச்சுட்டேனே!"

"ஓட்டை விழுந்ததைத்தானே வெட்டச் சொன்னேன்?"

கறுத்த பூவைக் கையில் பிடித்தபடியே வீடு திரும்பினாள்.

மறுநாள் கொழுந்தன் ரம்பக்காரரோடு வந்தான். சொன்ன சொல் சொன்னதுதான், என்ன பேசுவது? மெஷின் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெளியே தகரங்களை நகர்த்தும் சத்தம். சட்டென்று அது நின்றது.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

தகரத்துக்குப் பின்னால், அவள் கத்தரி எட்டாத இடத்தில், தரையை ஒட்டி ஒரு காய். சொரசொரப்பு, காம்பில் வளையம். தகரம் உரசிய பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஈரத் தூள்.

"என்ன அண்ணி இது, காயா நோயா?" கொழுந்தன் திருதிருவென்று விழித்தான்.

"ரெண்டும்தான்!"

ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை உருவி, ஓட்டையைக் கிளறினாள். ஆழம் போகாத புழு நெளிந்துகொண்டே வெளியே வந்தது. காலால் தேய்த்தாள்.

"தகரத்தை எடு தம்பி, காத்துப் படட்டும்" என்றவள், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் காயைச் சுற்றி அளவு பார்த்தாள்.