மச்சமும் மச்சையும்

செருப்பு கழன்றது ரொஷேலுக்குத் தெரியவில்லை. வெள்ளவத்தை ஸ்டேஷன் ரோட்டிலிருந்து பெருந்தெருவான காலி வீதி வரைக்கும் ஒற்றைச் செருப்போடு வந்துவிட்டாள். பின்னால் வந்த ஒருவர் மற்றதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "மிஸ், இது உங்கடதா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். நல்ல மத்தியான வெயில். கொதிக்கிற தார் அவள் பாதத்தைச் சுடவே இல்லை. படியேறினால் மூச்சு வாங்குவதையும் முகம் வெளிறிக் கிடப்பதையும் அதுவரை வேலைக் களைப்பு என்று தட்டிக் கழித்து வந்தவளுக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. இந்தக் காலில் உணர்வு இனித் திரும்புமா?

அந்தக் கேள்வியோடுதான் அவளும் புருஷன் லவனும் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிந்திருந்தது. டொக்டர் அவளுடைய நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "வழவழவெண்டு கிடக்குது. உறைப்பு எரியுமே?" என்றார். ஓம் என்று தலையாட்டினாள்.

டொக்டர் ஒரு காலத்தில் டியூஷன் வகுப்பில் உயிரியல் படிப்பித்தவர். விளக்கத் தொடங்கினால் இலேசில் விடமாட்டார்.

"இரத்தம் இதயத்தில ஊறுறதில்லை, பிள்ளை. இரத்தத்தில ஓடுற செங்குழியமெல்லாம் என்பு மச்சையிலதான் பிறக்குது."

லவன் கதிரையில் நிமிர்ந்தான். "மச்சமோ? நாங்கள் மச்சம் தொடுறதில்லை, டொக்டர்."

மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து யாழ்ப்பாணத்தார் சொல்கிற சொல் அது. டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சமில்லை ஐசே, மச்சை. எலும்புக்குள்ள இருக்கிறது. எந்தச் சைவக்காரரிட்டையும் இருக்கும்." பிறகு ரொஷேலின் பக்கம் திரும்பினார். "செங்குழியம் பிறக்கேக்க பெரிசா, நடுவில கருவோட இருக்கும். முதிர முதிரச் சிறுத்து, கடைசியில தன்ர கருவையே வெளியில தள்ளிப்போட்டுத்தான் இரத்தத்துக்குள்ள இறங்கும். ஒட்சிசனைக் காவிக்கொண்டு போக இடம் வேணுமே. அப்பிடி முதிர பி டுவெல்வ் எண்டொரு விற்றமின் தேவை. அது மீனில, இறைச்சியில, முட்டையில, பாலில இருக்கு. மரக்கறியில இல்லை. உங்களுக்கு அது வற்றிப்போச்சு. குழியம் சும்மா பெருத்து, முதிராமல், மச்சைக்குள்ளேயே செத்துப்போகுது."

மற்றவர்களுக்கு மூச்சுக் காவுவதற்காகத் தன் நடுவையே கழற்றி எறிகிற ஒன்று தன் எலும்புக்குள் இருக்கிறது என்பது ரொஷேலுக்குப் புதினமாக இருந்தது. புதினமென்ன, பழகின விஷயம்தான்.

அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். மீன் இல்லாத நாளைப் பெரிய வெள்ளியைப்போல் துக்க நாளாகப் பார்க்கிற வீட்டில் பிறந்தவள். லவனைக் காதலித்தபோது அவனுடைய தகப்பன் பொன்னம்பலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ சேர்ச்சுக்குப் போ பிள்ளை, நான் மறிக்கமாட்டன். ஆனா மச்சம் சாப்பிட்ட வாயோட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது." சரி மாமா என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பன்னிரண்டு வருஷமாக நத்தார்ப் பண்டிகைக்குத் தாய் வீடு போனால், தமையன் பேர்னாட் பாரை மீன் பொரித்து மேசையில் வைப்பான். இவள் பருப்பும் சோறுமாகச் சாப்பிடுவாள். பக்கத்தில் லவனும் மீன் கோப்பையைத் தள்ளிவைப்பான். "உன் புருஷன்ட கட்டுப்பாடே கட்டுப்பாடு" என்று பேர்னாட் மெச்சுவான். மாமனார் கண்மூடி ஆறு வருஷமாகிவிட்டது. அவள் சொல் மட்டும் சாகவில்லை.

"பால் தயிரெண்டாலும் எடுத்திருந்தா இவ்வளவுக்கு வந்திருக்காது" என்றார் டொக்டர்.

"பால் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துக்கொள்ளாது, டொக்டர். பால் விடாத பிளேன்டிதான்."

"ஊசி போட இரத்தம் திரும்பும். கால் விறைப்புக்கு மட்டும் நான் வாக்குத் தரமாட்டன். நரம்பு கனகாலம் பட்டினி கிடந்திட்டுது."

ரொஷேல் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து லவன் கேட்டான்: "டொக்டர், இந்த ஊசி சைவமோ?"

டொக்டர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "சைவந்தான். பக்டீரியாவில இருந்து எடுக்கிறது. அது சரி, ஒரே சட்டிச் சாப்பாடு, ரெண்டு பேரும் பிளேன்டி. அப்ப உங்களுக்கும் குறைஞ்சிருக்கும். இப்பவே இரத்தம் குடுத்திட்டுப் போங்கோ."

"எனக்கு வேண்டாம், டொக்டர். எனக்கு ஒண்டுமில்லை."

ரொஷேல் திரும்பி அவனைப் பார்த்தாள். நுளம்பு கடித்தாலே டெங்கு என்று சோதிக்க ஓடுகிறவன் இவன். தும்மல் வந்தால் ஒஃபிசுக்கு லீவு போடுகிறவன். கால் செத்துப்போகிற நோயைப் பற்றிப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, முகத்தில் ஒரு துளி பயமில்லாமல் இருக்கிறான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வெளியே வந்து காலி வீதியில் நின்றுகொண்டு கேட்டாள். "எங்க மச்சம் சாப்பிடுறீங்க?"

அவன் பொய் சொல்லப் பார்த்தான். வரவில்லை. "ஒஃபிஸ் கன்டீன்ல. சும்மா மத்தியானத்தில."

"எப்ப இருந்து?"

"கலியாணத்துக்கு முதலே."

"மாமாகிட்ட நான் சொல்லுக் குடுத்த அன்டைக்கும்?"

அவன் மெல்ல, "அப்பா இருக்கேக்க எப்பிடிச் சொல்லுறது, ரொஷேல்?"

"மாமா செத்து ஆறு வருஷம்."

"நீர் விருப்பத்தோடதான் இருக்கிறீர் எண்டு நினைச்சன். நீரும் ஒண்டும் கேக்கேல்லையே."

பத்திக்கொண்டு வந்தது அவளுக்கு. பன்னிரண்டு வருஷமாக ஏமாந்த கோபத்தைவிட, சற்று முன் உள்ளே கேட்ட அந்த ஒரு கேள்விதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

பக்கத்து ஹோட்டலின் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் கட்லட் அடுக்கியிருந்தது. "மல்லி, மாலு கட்லட் எகக் தென்ன" என்று கடைப் பையனிடம் சிங்களத்தில் ஒன்று கேட்டு வாங்கினாள். வாசனை மூக்கில் ஏறியதும் கண் கலங்கியது. கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினி மணம் அது. ஒரு கடி கடித்தாள்.

மிளகு நாக்கைப் பிடித்து எரித்தது. நெருப்பை வைத்ததுபோல் இருந்தது. மீனின் ருசி எங்கே என்று நாக்கால் தேடினாள். எரிவு மட்டுந்தான். விழுங்க முடியவில்லை. கடதாசியில் துப்பி மடித்தாள்.

மிச்சத்தை லவனிடம் நீட்டினாள். "ஊசி சைவமான்னு கேட்டீங்களே. இந்தாங்க. இன்டைக்கு என் கண்ணுக்கு முன்னால சாப்பிடுங்க."

லவன் கை நீட்டினான். வாங்குவதற்கு முன் காலி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தான், தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று.