ஏர் இழுக்கிற ஜீப்பு

வெள்ளைத்துரை வைத்திருந்த பாக்கி முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய். தன் ஜீப்பை நாலு தரம் பழுது பார்த்ததற்கு அவர் தர வேண்டிய பணம். போடியில் வாடகைத் தகரக் கொட்டகையில் மெக்கானிக் வேலை பார்த்த ராக்கையாவுக்கு அது இன்று கைக்கு வந்தாக வேண்டும். கொட்டகைக்காரர் காசிராஜன் வாடகை கேட்டு நடந்து சலித்துப்போய், நாளைக் காலையில் பூட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஜீப்போ அடங்குகிற வழியாக இல்லை. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய பெட்ரோல் வண்டி. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் இருமிவிட்டு நின்றுவிடும். எங்கோ ஓட்டை வழியாக ஏர் இழுக்கிறது, வெளிக்காற்று இஞ்சினுக்குள் போகிறது என்று ராக்கையாவுக்குத் தெரியும். எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. இஞ்சினின் புகையைத் திரும்ப உள்ளே இழுத்து எரிக்கிற ரப்பர் குழாயை மாற்றினான். அதிலிருக்கிற வால்வை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினான். பிறகு வால்வையே புதிதாகப் போட்டான். கார்ப்பரேட்டருக்கு அடியில் பேக்கிங் அட்டை வெட்டி வைத்தான். ஒவ்வொரு தரமும் நன்றாகத்தான் போகும். நாலைந்து நாளில் பட்டறை வாசலில் வந்து மறுபடி இருமும்.

அன்று வெள்ளைத்துரையே வண்டியோடு வந்தார்.

"ஏப்பா ராக்கையா, நீயும் ஏறு. போடிமெட்டு வரைக்கும் நிக்காமப் போச்சுன்னா அங்கன வச்சே முழுசா எண்ணித் தர்றேன். நின்னுச்சுன்னா பாக்கிய மறந்துரு."

டிரைவர் மொக்கையன் ராக்கையாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெரசா எடுறா. மேட்டுல ஆளுக காத்துக் கெடக்கும்" என்றார் வெள்ளைத்துரை.

அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறும்போது வண்டி முக்கவில்லை, முனகவில்லை. ராக்கையா பின்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து லோடு லாரி இறங்கியது. மொக்கையன் ஒதுக்கி நிறுத்தினான். ஜீப்பு குலுங்கி அணைந்தது.

வெள்ளைத்துரை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வைதிருந்தால்கூட ராக்கையாவுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பானெட்டைத் தூக்கினான். இஞ்சின் ஃபேனின் காற்று புகையைக் கலைத்துவிடும் என்று அதன் பெல்ட்டைக் கழற்றிப் போட்டான். "ஸ்டார்ட் பண்ணி லேசா மிதிச்சே வையி" என்று மொக்கையனிடம் சொல்லிவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக் குழாய் குழாயாகக் காட்டினான். ஓட்டை இருந்தால் புகை அந்தப் பக்கம் சாயும். புதுக் குழாயில் சாயவில்லை. வால்விலும் இல்லை.

"என் மானத்த வாங்கன்னே செஞ்சு விட்டுருக்கானுக இந்த வண்டிய" என்று பீடியை எறியப் போனான். அப்போதுதான் புகை இஞ்சினுக்குப் பின்னால் வளைந்து போவதைப் பார்த்தான்.

அங்கே சின்னக் குழாய் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இஞ்சின் இழுக்கும் காற்றால் வைப்பரை ஓட்டிய குழாய். வைப்பர் செத்ததும் ராக்கையாவே பித்தளை மூடி போட்டு அடைத்திருந்தான். தான் அடைத்த இடம் என்பதால் இத்தனை நாளில் ஒரு தரம்கூட அங்கே கை வைத்துப் பார்க்கவில்லை.

கையை நுழைத்தான். புறங்கை பொசுங்கியது. மூடி இல்லை. குழாயின் வாயில் என்னவோ சுருங்கிக் கிடந்தது. நோண்டி எடுத்தான். ஏலக்காய்.

"இது எப்படி இங்க மொளச்சுச்சு, மாப்ளே?"

மொக்கையன் வண்டிக்குள் இருந்தபடியே சொன்னான். "மூடி எங்கயோ விழுந்துருச்சுண்ணே. சொன்னா மொதலாளி கூலில பிடிப்பாரு. பச்சைக்காய் கச்சிதமா இருந்துச்சு, வச்சேன். பட்டறைக்கு வர்றப்பவும் நீங்க பாக்காத நேரமா புதுக்காய் ஒண்ணு வச்சுருவேன். இன்னைக்கு மொதலாளி கூடவே இருந்தாரா, வைக்க முடியல."

"காய் காஞ்சா சுருங்கும்னு ஒனக்குத் தெரியாதா? ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற நீ."

"நீங்களும் பாக்குறீங்க, நானும் ஒரு காய் வைக்கிறேன், ரெண்டுல ஒண்ணு பலிச்சிரும்னு நெனச்சேன்."

ராக்கையா ஒரு போல்ட்டில் பழைய டியூப்பைச் சுற்றிக் குழாயில் அடித்து இறுக்கினான். இஞ்சினை அணைக்கச் சொல்லிப் பெல்ட்டை மாட்டினான். மொக்கையன் ஸ்டார்ட் பண்ணிக் காலை எடுத்தான். ஜீப்பு அணையாமல் ஒரே சீராக ஓடியது.

வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினார். "மூடி நீ போட்டதுதான? அது கழண்டதுக்கு நான் எதுக்குக் காசு தரணும்? வண்டியும் நின்னுருச்சு. பேசுனது பேசுனதுதான்."

"சரிண்ணே." ராக்கையா மறுபடி இஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டான். "போல்ட்டு என்னுது. உருவிக்கிட்டு நடந்தே எறங்கிர்றேன். மேட்டுல ஆளுக குளிர்ல உக்காந்துருக்கட்டும்."

வெள்ளைத்துரை வெற்றிலையைத் துப்பினார். மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு இடுப்புப் பெல்ட்டைத் திறந்து, நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி நீட்டினார்.

ராக்கையா வாங்கி, அதிலிருந்து ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான்.

"இது எதுக்கு?"

"அந்த மூடிக்கு வாங்குனது. அது நிக்கல. இவன் கூலிலயும் பிடிக்காதீக."

வெள்ளைத்துரை ஐந்து ரூபாயைப் பெல்ட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். "அப்ப பாக்கி முடிஞ்சுச்சு" என்றார்.

"முடிஞ்சுச்சுண்ணே" என்று ராக்கையா பானெட்டைச் சாத்தினான்.