சின்னக் கயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜெட் விமானம் என்னைத் தூக்கி எறியவில்லை, நான்தான் இழுத்தேன். இப்போது சொல்ல வாய் வருகிறது. அப்போது பதினாறு நாள் இந்த ஒரு வரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

என் பெயர் கண்ணையன். கோலியனூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிறவன், தூர் வாருகிறவன். முப்பது வருசமாகப் பூமிக்குள் இறங்கிப் பிழைக்கிறவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. எல்லாம் சங்கவியால் வந்தது.

சங்கவி திண்டிவனத்து நடராசன் வாத்தியாரின் மகள். ஐந்து வயதில் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த நான் ஓடிப்போய் இறங்கித் தூக்கிவந்தேன். அவ்வளவுதான் சமாச்சாரம். வேறு பிள்ளையாக இருந்தால் அதற்கப்புறம் மாடிப்படி ஏறவே பயந்திருக்கும். இவள் என்னடாவென்றால் விமானப்படையில் சேர்ந்து ஜெட் ஓட்டுகிறாள். பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாள். "மாமா, என்னக் கீழேருந்து நீங்க தூக்கினீங்க இல்ல, ஒரு நாள் உங்கள நான் மேல தூக்கிக்கினு போறேன்" என்பாள். நான் சிரித்துவிட்டுப் போனை வைப்பேன். அவள் விடவில்லை. ஒரு வருசம் மனு மேல் மனுவாக எழுதி, இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு, அனுமதி வாங்கிவிட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கிணற்றில் இறங்க ஒரு பலகை. அதில் உட்கார்ந்தால் பெரிய கயிறு நம்மைத் தாங்கும். கூடவே மேலேயிருந்து ஒரு சின்னக் கயிறு வரும். அதன் நுனியை வளையமாக முடிந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் விட்டுக்கொள்வோம். அறுபதடி ஆழத்திலிருந்து கத்தினால் மேலே வெறும் சத்தம்தான் போய்ச் சேரும், வார்த்தை போகாது. அதனால் சின்னக் கயிறுதான் எங்கள் பேச்சு. இரண்டு இழுப்பு என்றால் இறக்கு. ஒரே இழுப்பு என்றால் ஆபத்து, உடனே தூக்கு. அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பது இருபத்திரண்டு வருசமாக என் மனைவி அம்சவள்ளி.

ஒற்றை இழுப்பை வீணாக இழுக்கிறவனுக்குத் தொழிலில் மரியாதை கிடையாது. நிழலைப் பார்த்துப் பாம்பு என்று இழுத்துவிட்ட மாரியப்பனை நான் ஒரு வருசம் கேலி பண்ணியிருக்கிறேன். சோறு தின்னும்போதுகூட விடமாட்டேன். கண்ணையன் பயந்து கயிறு இழுக்கிறவன் இல்லை என்பதுதான் நாலு ஊரில் எனக்கு இருந்த பேர். வேறு சொத்து எனக்குக் கிடையாது.

சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் தளத்தில் பச்சை உடுப்பு மாட்டி, தலையில் கவசம் கவிழ்த்து, பின் இருக்கையில் உட்கார வைத்தார்கள். என் முழங்கால்களுக்கு நடுவில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வளையம் இருந்தது. சங்கவி குனிந்து அதைக் காட்டினாள். ஆபத்து வந்தால் மட்டும் இழுப்பது, இழுத்தால் இருக்கையோடு வெளியே தூக்கி வீசிவிடும், நீங்கள் தொடவே கூடாது என்று மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் தலையாட்டினேன். தோள் வாரை இறுக்க வந்தவரிடம் போதும் விடுங்கள் என்றேன். வெறும் பலகையில் ஆயுசைக் கழித்தவனுக்கு இத்தனை கட்டு எதற்கு என்று ஒரு திமிர்.

மேலே போனதும் சத்தமெல்லாம் எங்கோ பின்னால் தங்கிவிட்டது. மேகத்துக்கு மேலே வெயில் மட்டும்தான் இருந்தது. கவசத்துக்குள் சங்கவியின் குரல், திண்டிவனம் வந்துவிட்டது மாமா, எங்கள் வீடு இங்கேதான் எங்கேயோ என்றது. எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன். விழுப்புரத்தைக் காட்டுகிறேன் என்று அவள் விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள்.

அவ்வளவுதான். உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது. வயிறு காலியானது. அந்தக் காலியை நான் அறிவேன். வானூர்க் கிணற்றில் ஒரு தரம் பெரிய கயிறு நழுவி விழுந்தபோது வந்த அதே காலி. அன்றைக்கு என்ன செய்தேனோ அதையே கை இன்றைக்கும் செய்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்காலுக்கு நடுவில் போய்ப் பற்றி, ஒரே இழுப்பு.

உடனே தூக்கியது. அடேயப்பா, அம்சவள்ளிகூட என்னை அப்படித் தூக்கியதில்லை.

கண்ணைத் திறந்தபோது பாராசூட் குடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தேன். இருக்கை எங்கே போனதோ. காற்று என்னை மெல்ல ஆட்டியது. செத்துவிட்டேன் போலிருக்கிறது, பரவாயில்லை, வலிக்கவில்லை என்று நினைத்தேன். கீழே ரயில் தண்டவாளம் வெயிலில் மின்னியது. திருவாமாத்தூர்க் கோபுரம் என் செருப்பு உயரத்துக்கு நின்றது. அப்புறம்தான் அவற்றைப் பார்த்தேன். கிணறுகள். வயலுக்கு ஒன்றாக, சதுரமும் வட்டமுமாக. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. எல்லாம் நான் இறங்கிய கிணறுகள். அதோ பெரியசாமியுடையது, நடுவில் பாறை. அது ராயப்பனுடையது, தண்ணீர் உப்பு. இத்தனை வருசம் உள்ளேயிருந்து மேலே பார்த்தவன் முதல் தரமாக மேலேயிருந்து உள்ளே பார்த்தேன். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் அம்சவள்ளி நிற்கிறாளா என்று தேடினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் தேடினேன்.

பெரியசாமியின் மல்லாட்டைக் கொல்லையில் போய் விழுந்தேன், நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். எங்கள் தெரு அன்புச்செல்வி மட்டும் கையில் செடியோடு நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணையா அண்ணனா? இன்னாண்ணே ஆச்சி?"

அந்த நேரம் உண்மை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் மற்றவர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். அத்தனை முகத்துக்கும் முன்னால், "அதுவாவே தூக்கிப் போட்டுடுச்சிம்மா" என்றேன்.

சொன்ன பொய் என்னைவிட வேகமாக ஊருக்குப் போனது. ஆஸ்பத்திரியில் வந்து விசாரித்த அதிகாரிகளிடமும் அதையே சொன்னேன். கோலியனூர்க் கூட்டுரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். என் தலையை வெட்டி யாரோ ஒரு வெள்ளைக்கார விமானியின் உடம்பில் ஒட்டி, வானம் வென்ற வீரர் என்று எழுதியிருந்தார்கள். மாரியப்பன்கூட மாலை வாங்கிவந்தான். அம்சவள்ளி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அடிபட்ட என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் நடராசன் வாத்தியார் போன் பண்ணினார். என் முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விசயத்தைச் சொன்னார். நான் வெளியே போனதோடு கண்ணாடி மேல்கூடும் பறந்துபோன விமானத்தைச் சங்கவி ஒற்றை ஆளாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். ஒரு காதில் ரத்தம். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டார்கள், கோளாறு இல்லை. அப்படியானால் கூட வந்தவருக்கு இவள்தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பேச்சு. பறக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். நாலு நாளில் விசாரணை, அதில் தப்பு அவள்மேல் என்று ஆகிவிட்டால் இனி ஆயுசுக்கும் விமானத்தில் ஏற முடியாது.

"உங்களப் பத்தி அவ ஒரு வார்த்தை சொல்லலைங்க. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறா" என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நாலு நாளும் ஃபிளெக்ஸ் இருக்கும் பக்கம் தலை வைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கினால் இனி யார் என்னைக் கிணற்றுக்குக் கூப்பிடுவார்கள்? அவளையும் நினைத்தேன். ஐந்து வயதில் இருட்டுக்குள்ளிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவளை நானே திரும்பவும் உள்ளே தள்ளிவிட்டுக் கரையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

விசாரணை அறையில் நாலு அதிகாரிகள். ஜெகதீசன் என்ற தமிழ் அதிகாரி என் பேச்சை மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். காதில் கட்டோடு சங்கவி ஓரமாக இருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், பாவி மகள். நான் உட்காரவில்லை.

"அய்யா, தொடாதீங்கன்னு அந்தப் பொண்ணு மூணு வாட்டி சொன்னா. நான்தான் இழுத்தேன். மிசினு மேலயும் தப்பு இல்ல, அவ மேலயும் இல்ல. பயந்துட்டேன்."

பயந்துட்டேன் என்ற வார்த்தையை என் வாய் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொல்லியது. ஜெகதீசன் அதை மொழிபெயர்த்தார். ஏன் இழுத்தாய் என்று கேட்டார்கள். சின்னக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். நாலு பேரும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சங்கவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் அவளைத் திரும்பப் பறக்க விட்டுவிட்டார்கள். ஊரில் ஃபிளெக்ஸைக் கழற்றி யாரோ மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டார்கள், நல்லதாயிற்று. மாரியப்பன் டீக்கடையில் என்னைப் பார்த்தாலே முழங்காலுக்கு நடுவில் இழுத்துக் காட்டுவான். காட்டட்டும், நான் பண்ணிய கேலிக்கு அவனுக்கு அந்தப் பாக்கி வரவேண்டியதுதான். பெரியசாமி தன் கிணற்றுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அதுதான் கொஞ்சம் வலித்தது.

முதுகு தேறியபின் முதல் வேலையைக் கொடுத்தவர் ராயப்பன். அதே உப்புத் தண்ணீர்க் கிணறு. பலகையில் உட்கார்ந்தேன். அம்சவள்ளி முடிச்சைப் பார்த்தாள், பெரிய கயிற்றைப் பிடித்திருந்த ஆட்களிடம் இறக்கச் சொன்னாள். இருபதடி போனதும் பலகை நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்தால் வானத்து வட்டத்தில் அவள் தலை.

"ஒண்ணு கேக்கணும்யா. அந்தரத்துல அத இழுத்தியே, மேல யாரு இருக்கான்னு இழுத்த?"

விசாரணையில்கூட அதை யாரும் கேட்கவில்லை.

"நீ இருக்கறேன்னுதான்" என்றேன். கிணறு அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது.

அவள் தலை மறைந்துவிட்டது. பிறகு இறக்கு என்று இரண்டு இழுப்பு இழுத்தேன். பலகை மெல்ல இறங்கியது. ஆனால் எப்போதும் தொளதொளவென்று கூடவே வரும் சின்னக் கயிறு, அன்றைக்கு அடித் தண்ணீரில் கால் படும்வரை தளரவே இல்லை. மேலே அவள் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.